ஒன்பது பீங்கான் குண்டுகள்

நாள் 212. 06:10
நங்கூரம் நிலையம், சுழல் வளையம், விளையாட்டுக் கூடம். எழுதுவது செல்லக்கனி, கூடத்தின் உரிமையாளர்.

குண்டை அடித்து ஆடும் பின்பால் எந்திரம் மூன்று. ஒன்றும் மூன்றும் சரி. இரண்டில் கோளாறு: ஆட்டம் முடிந்த பிறகும் நடுக் காந்தத்தில் குண்டு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வழக்கமாக டிரான்சிஸ்டர் எரிந்து, காந்தத்துக்கு மின்சாரம் ஓயாமல் போய்க்கொண்டிருந்தால்தான் இப்படி ஆகும். காந்தத்தின் கம்பிச் சுருளை, காயிலை, தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருக்கிறது. மின்சாரம் இல்லை. ஆனாலும் ஒட்டுகிறது.

சுரங்க ஆட்கள் நாற்பது பேரும் கீழே பாறையில் ஷிஃப்டில் இருக்கிறார்கள். ஆறு நாள் கழித்து மேலே வருவார்கள். வந்ததும் சோற்றுக்கு முன் இரண்டாம் எந்திரத்தைத்தான் தேடுவார்கள். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

11:40
இரண்டாம் எந்திரம் ஒரே நேரத்தில் இரண்டு குண்டுகளை வெளியே தள்ளியது. அடிப் பள்ளத்தைத் திறந்தேன். குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இரும்புக் குண்டு காந்தத்தின் மேல் உருண்டு உருண்டு நாளடைவில் தானே காந்தமாகிவிடும். புதுசு போட்டால் தீர்ந்தது. ஆறு போட்டேன்.

17:00
புதுசும் ஒட்டுகிறது. ஐந்து மாதத்தில் ஏற வேண்டிய காந்தம் ஐந்து மணி நேரத்தில் ஏறியிருக்கிறது.

நாள் 213. 07:15
மூன்று எந்திரங்களிலும் இரும்புக் குண்டு இடப்பக்கம் சாய்கிறது. மட்டம் பார்த்தேன், சரி. ஒன்றாம் எந்திரத்தைத் திருப்பிப் போட்டேன். இப்போது வலப்பக்கம் சாய்கிறது. ஆக, எந்திரத்தின் மேல் குற்றமில்லை.

பீங்கான் குண்டை விட்டுப் பார்த்தேன். வெள்ளை, லேசு, வேகம், எந்தக் காந்தத்துக்கும் மசியாது. நேராக ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ இரும்பை இழுக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது நிலையத்தின் நடு அச்சு. வாடகை குறைவு என்றுதான் அதை ஒட்டிய கூடத்தைப் பிடித்தேன்.

08:00
நிலையத்தில் இப்போது இரண்டே பேர். நான் வளையத்தில். மெக்கானிக் ஏசுவடியான் நடு அச்சுக் கூடத்தில். ரேடியோவில் கூப்பிட்டேன்.

"தம்பி, என் குண்டெல்லாம் உன் பக்கம் ஓடி வருது. அச்சுக் காந்தத்தைப் பாரு."

"ஏன்க்கா, ஒங்க வெளையாட்டுச் சாமான் ஓடலன்னா ஸ்டேஷனையே கொற சொல்லுதிய. நேத்து எனக்குப் பல்லு வலிச்சுது. அதுவும் அச்சுனாலதானோ?"

"மொதல்ல பாருல. அப்புறம் பல்லைக் காட்டு."

08:22
"யக்கா, நீங்க சொன்னது சரிதான். மூணாம் காயிலு வெறி புடிச்சு இழுக்கு. மானி இத்தன நாளா பொய் சொல்லிட்டு கெடந்திருக்கு. பயப்படாதிய, காந்தத்த அணைச்சுட்டு அச்ச பேரிங் மேல எறக்குதேன். அதுக்குத்தான பேரிங்க வச்சிருக்கு."

08:30
மறைக்காமல் எழுதுகிறேன்.

வளையம் சுற்றும் அச்சைக் காந்தங்கள் அந்தரத்தில் தாங்குகின்றன. காந்தம் நின்றால் அச்சு பேரிங்கின் மேல் உட்காரும். அந்தப் பேரிங்கில் பீங்கான் குண்டு பன்னிரண்டு இருக்க வேண்டும். இல்லை. போன வருடம் அப்போதைய ஸ்டோர்கீப்பர் இரண்டு கிலோ சுக்குக் காப்பித் தூளுக்கு மாற்றாக முத்திரையிட்ட ஸ்பேர் பேரிங்கைக் கொடுத்தான். திறந்து, பன்னிரண்டையும் என் எந்திரங்களுக்கு எடுத்துக்கொண்டேன். அதே அளவு இரும்புக் குண்டுகளைப் போட்டு, முத்திரையை ஒட்டித் திருப்பி வைத்தேன். பெட்டி கனத்தது. எடை குறைந்தால்தான் கேள்வி வரும், கூடினால் யாரும் கேட்பதில்லை என்பது என் முப்பது வருட வியாபாரம் காட்டிய கணக்கு. யாரும் கேட்கவில்லை. ஸ்டோர்கீப்பர் பூமிக்குப் போய்விட்டான். போன மாதம் அந்தப் பேரிங்கை மாட்டியவன் ஏசுவடியான்.

அவனிடம் சொல்லாமல் இதைச் சமாளிக்க வழி உண்டா என்று எட்டு நிமிடம் யோசித்தேன். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன்.

"தம்பி, அணைக்காத. அந்தப் பேரிங்ல இருக்கது இரும்பு. என் எந்திரத்துக் குண்டு. நான்தான் மாத்தினேன்."

"அணைச்சுட்டேனேக்கா."

09:10
மூன்றாம் காயில் பன்னிரண்டு குண்டுகளையும் காந்தமாக்கி வைத்திருந்தது. என் எந்திரப் பள்ளத்தில் பார்த்ததேதான்: ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக நிற்கின்றன. அச்சு இறுகி, வளையம் நின்றுவிட்டது. சுழற்சியால் வந்த எடை போயிற்று. எந்திரங்கள் தரையில் திருகியிருப்பதால் நிற்கின்றன. நான் மிதக்கிறேன்.

நின்ற வேகத்தில் அச்சுக் கூடத்தின் சுவர் கிழிந்து காற்று போய்விட்டது. ஏசுவடியான் விண்வெளி உடுப்பில் இருக்கிறான். உடுப்பில் இன்று 15:00 வரைதான் காற்று. அவன் பக்கக் கதவும் என் பக்கக் கதவும் கால் சுற்று விலகி நிற்கின்றன. வளையத்தை அந்தக் கால் சுற்று திருப்பினால் அவன் இங்கே வந்துவிடலாம்.

09:35
பாறைத் தளத்திலிருந்து கட்டுப்பாட்டு அதிகாரி வேதநாயகம்:

"படகு வர முப்பது மணி நேரம் ஆகும். ஏம்மா, பேரிங் பதிவேட்டுல அவர் கையெழுத்துதானே இருக்கு? சோதிக்காமலா மாட்டினார்?"

"முத்திரையைப் பாத்து மாட்டினான் சார். முத்திரை ஒட்டினது நான்."

"அதெல்லாம் விசாரணையில பாத்துக்கலாம்."

10:20
இரும்பை எடுத்துவிட்டுப் பீங்கானைப் போட்டால், ஏசுவடியான் வளையத்தைக் கைப்பிடியால் திருப்பிவிடுவான். கேபிள் குழாய் ஒன்று சுவரைத் துளைத்து அச்சின் நடுவழியே அவன் பக்கம் போகிறது; வளையம் திரும்பினாலும் அது விலகாது. கேபிளை உருவிவிட்டு, என் காற்று போகாமல் வாயில் மூடி போட்டேன். குண்டு நுழையும் அகலம்.

பன்னிரண்டில் ஒன்று முன்பே விரிசல் விட்டு உடைந்துபோயிற்று. இரண்டை வழியே போன கப்பல் கேப்டனுக்குக் கொடுத்துவிட்டேன். மீதி ஒன்பது.

"ஒம்பது போதும்க்கா. தாராளம்."

இரண்டாம் எந்திரத்தின் ஸ்பிரிங்கைக் கழற்றிக் குழாய் வாயில் கட்டுகிறேன்.

12:20
ஒன்பதையும் அடித்தேன்.

"எட்டு வந்துட்டு. ஒண்ணு வளைவுல முட்டித் தூளா வந்துச்சு. எட்டுல அச்சு சாயுதுக்கா. இன்னும் ஒண்ணு இருந்தா போதும்."

ஒன்று இல்லை.

13:05
அவன் கையில் உள்ள இரும்புக் குண்டுகள் எல்லாம் காந்தம் ஏறியவை. என்னிடம் பெட்டி பிரிக்காத புது இரும்புக் குண்டு ஒன்று இருந்தது. அதிலும் லேசாகக் காந்தம் ஏறியிருந்தது. மாறுதிசை மின்சாரம் ஓடும் காயிலுக்குள் விட்டு மெதுவாக வெளியே இழுத்தேன். காந்தம் இறங்கிவிட்டது. ஊசியை நீட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அடித்தேன்.

போய்ச் சேரவில்லை.

குழாய் மூன்றாம் காயிலை ஒட்டிப் போகிறது. அணைத்த பிறகும் அறுந்த கம்பி வழியே அந்தக் காயிலுக்கு விட்டு விட்டு மின்சாரம் வருகிறது. குண்டை அங்கேயே பிடித்துக்கொண்டது. குழாய் அடைத்துப்போயிற்று. நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

13:30
"யக்கா, ரேடியோ பேட்டரி தீருது. பேச்ச நிறுத்திக்கிடுதேன். கொழாயில தட்டுதேன். தட்டுனா இருக்கேன்னு வச்சுக்கிடுங்க. எட்டோடயே திருப்பிப் பாக்கேன். ஒங்க மேல கோவம் இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா காத்துக்கு இப்ப வேற வேல இருக்கு. மூணாம் மெஷின்ல என் ஸ்கோர அழிச்சிராதிய."

"அழிக்க மாட்டேன்ல."

கேட்டதா தெரியவில்லை.

14:10
மூன்று தட்டு. திருப்பி மூன்று தட்டினேன்.

வளையம் ஒரு சாண் நகர்ந்தது. நின்றுவிட்டது.

14:40
இரண்டு தட்டு. இரண்டு தட்டினேன். நகரவில்லை.

14:57
ஒன்று. லேசாக.

15:10
தட்டு இல்லை.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: பதிவேட்டில் உள்ள கையெழுத்து ஏசுவடியானுடையது. பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டுகள் என்னுடையவை. அவனைக் கேட்காதீர்கள்.

அழுகை வரவில்லை. பசிக்கவும் இல்லை. ரொட்டியை எடுத்துத் தின்றேன், எடுத்ததனால்.

15:40
தட்டு.

குழாயில் கை வைத்துப் பார்த்தேன். தட்டுகிறது. ஒன்று, இடைவெளி, ஒன்று. திருப்பித் தட்டினேன். மறுபடி ஒன்று.

15:43
இடைவெளியை அளந்தேன். நான்கு விநாடி. ஒவ்வொரு முறையும் சரியாக நான்கு. மனிதக் கை இப்படித் தட்டாது. காயிலுக்கு மின்சாரம் வரும்போதெல்லாம் குழாயில் சிக்கிய என் இரும்புக் குண்டு இழுபட்டு மோதுகிறது. இந்தக் கோளாறு எனக்குத் தெரியும். நூறு முறை சரிசெய்திருக்கிறேன்.

படகு வர இன்னும் ஒரு நாள்.

15:44:04
தட்டு. தட்டினேன்.

15:44:08
தட்டு. தட்டினேன்.

15:44:12
தட்டு.