சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம்

இன்று காலை வேனின் பின்கதவைத் திறந்து, படுக்கைப் பலகைக்கு அடியிலிருந்த பேட்டரிப் பெட்டியை வெளியே இழுத்தேன். ஓரத்தில் உன் வாஸ்லின் டப்பா. ஒயர் மாட்டும் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்காமல் இருக்க நீ தடவுவாயே, அதுதான். மூடியைத் திறந்தால் நீ கடைசியாக விரலால் வழித்தெடுத்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதைத் தொட மனம் வராமல் வேறு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். அல்பம்தான். சிரிக்காதே.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நீ எலக்ட்ரீஷியன், நான் தரம் பார்க்கிறவன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஷிப்டு. அந்தப் பழைய பள்ளி வேனை நாம் சேர்ந்து வாங்கி, சீட்டைப் பிடுங்கிவிட்டுப் படுக்கை, ஃபேன், குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்தபோது, திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலில் தளிகை சமைக்கும் என் அண்ணா, "இருக்கிற வீட்டில் என்ன குறைச்சல்?" என்று கேட்டார். நீதான் பதில் சொன்னாய்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஷிப்டு ஷிப்டுன்னு என் ஊட்டுக்காரிய எங்கியும் இட்டுனு போனதே இல்ல சாமி. வேளாங்கண்ணில வண்டிய நிறுத்தி, காத்தால கண்ணு முழிச்சதும் படுக்கைலேர்ந்தே அவ கடலைப் பாக்கணும்."

வண்டிக்கு இரண்டு பேட்டரி. இஞ்சினைக் கிளப்ப ஒன்று. ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இன்னொன்று. அதற்கு நீ வைத்த பெயர் 'ஊட்டு பேட்டரி'. வேன் எங்கள் தெருவில் நின்றதால் அதற்கு சார்ஜ் போடுகிற வேலை என்னுடையது. தொழில் புத்தி போகுமா? மணிக்கொரு தரம் மீட்டரை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினேன். பதின்மூன்று புள்ளி எட்டு வோல்ட். பதின்மூன்று புள்ளி ஒன்பது. பதினாலு. கடைசி எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு.

அந்த நோட்டை நம்பித்தான் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு வெள்ளோட்டம் போனோம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஃபேன் சோம்பலாகச் சுற்றியது, ஃப்ரிட்ஜ் மூச்சை நிறுத்தியது. நீ மீட்டரை வைத்தாய். பதினொன்று புள்ளி நாலு. உள்ளே என் மனைவி கட்டிக் கொடுத்த தயிர்சாதம் புளித்துக்கொண்டிருந்தது.

"காலைல பதினாலு காட்டித்தே" என்று நான் நோட்டை நீட்டினேன்.

"சார்ஜர மாட்டிக்கினே பாத்தியா?"

"ஆமாம். ஒரு மணி நேரம் தவறாம."

இருமல் வரும்வரை சிரித்தாய். "அது பேட்டரி இல்ல சாமி, சார்ஜரு பேசுது. கயட்டின கையோட பாத்தாலும் பொய்தான் சொல்லும். பழசுன்னா சொல்லவே வேணாம், மேலுக்கு ஜோரா காட்டும். எல்லாத்தையும் கயட்டிட்டு ஒரு ரெண்டு மணி நேரம் சும்மா வுடு. அப்புறம் பாரு. பன்னெண்டு புள்ளி ஏழு இருந்தா ரொம்பி கீது. பன்னெண்டு ரெண்டுன்னா பாதி. அதுக்குக் கீய எறக்காத." புளித்த தயிர்சாதத்தை ஊறுகாயோடு நீயே காலி செய்தாய். புது பேட்டரி வாங்கினோம். அதன் பிறகு தினமும் நீ போன் செய்து கேட்ட முதல் கேள்வி, "இன்னா சாமி, எவ்ளோ நேரம் கயிச்சி பாத்த?"

அந்த வருடமே உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நடுவில் இரண்டு நாள் இடைவெளி வரும், அதில் வேளாங்கண்ணி போய் வந்துவிடலாம் என்று நீ கணக்குப் போட்டாய். டாக்டர், உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்றார். ஞாயிறுதோறும் மீட்டரும் நோட்டுமாக ஸ்கூட்டரில் உன்னைப் பார்க்க வந்தேன். நீ இஸ்திரி போட்ட சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து, மீட்டரைத் தட்டிப் பார்த்து, நோட்டைப் புரட்டிக் கிண்டல் செய்வாய். "அடுத்த வாரம் கெளம்பிடலாம்." அரைமணி நேரத்தில் நான் எழுந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "தெம்பாத்தான் இருக்கான்" என்பேன். இப்படி எத்தனை ஞாயிறு.

ஒரு ஞாயிறு மீட்டரை உங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டேன். கவரைப்பேட்டை வரை வந்த பிறகுதான் நினைவு வந்து திரும்பினேன். கதவு திறந்தே கிடந்தது. நீ கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாய். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், உன் கையைத் தூக்கித் தூக்கி அந்த இஸ்திரிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உன் கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சொன்னாள்: "நீங்க வர்ற அரைமணி நேரத்துக்காவ காத்தாலேர்ந்து யாராண்டயும் பேசாம படுத்துக்கினே இருப்பாருண்ணா. தெம்பு சேத்து வெச்சிக்குவாரு."

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. நூலளவு பிசகினாலும் இரும்பைத் திருப்பி அனுப்புகிறவன், எதிரில் இருந்த உன்னைப் பார்க்கத் தெரியாமல் போனேன்.

அன்று நான் கிளம்பவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் நீ ஏதோ ஜோக் சொன்னாய். பிறகு அதையும் விட்டுவிட்டாய். வெயில் கட்டிலிலிருந்து சுவருக்கு ஏறிய பிறகு, கூரையைப் பார்த்தபடி சொன்னாய்: "வேளாங்கண்ணி ஆவாது சாமி. அவளாண்ட எப்படிச் சொல்றதுன்னு தெரீல." கொஞ்ச நேரம் கழித்து, "பயமா கீது" என்றாய். உன் காலைப் பிடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேனை உன் வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்தேன். பின்கதவைத் திறந்து வைத்து, உங்கள் இருவரையும் உள்ளே விட்டேன். எதிரே கடல் இல்லை. பக்கத்து மனையில் காய்ந்த சேலைகள்தான். மத்தியானம் முழுக்க ஃபேன் வேகம் குறையாமல் ஓடியது. தங்கச்சியின் மடியில் தலை வைத்து நீ தூங்கினாய். எப்போது அவளிடம் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், உன் கை அவள் கையில் இருந்தது. பதினோரு நாளில் நீ போய்விட்டாய்.

உன்னை எந்த நேரம் நினைத்தாலும் முதலில் வருவது சிரிப்புதான். அதைத் தந்துவிட்டுப் போனாய், நன்றி.

போன வாரம் தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். தலை வாரி, பூ இல்லாமல், ஆனால் நல்ல புடவையில் இருந்தாள். காபி கொடுத்தாள். பிள்ளைகள் போன் செய்கிறார்கள், மாதாகோயிலுக்குப் போய்வருகிறேன் என்றெல்லாம் சொன்னாள். "நல்லாதான் கீறேண்ணா. நேரமாச்சு, நீங்க கெளம்புங்க" என்றாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்திருக்கவில்லை.