திருகின் தலையில் பச்சைப் பொட்டு

பாய்,

இன்று காலை உன் செயின் ரம்பத்தின் மூடியைக் கழற்றினேன். பெட்ரோலும் எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. உன் சட்டை வாடை. பெருநாளன்று நீ அத்தர் பூசிக்கொண்டு வந்தாலும் அதையும் முந்திக்கொண்டு வருமே, அதேதான். உள்ளே கார்பரேட்டர் திருகின் தலையில் நீ வைத்த பச்சைப் பொட்டு அழியாமல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் வாயில் வைத்து மென்ற விஷயத்தை இன்றைக்குத் துப்பிவிடுகிறேன்.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது நீ மூக்கண்டப்பள்ளியில் கடை போட்டாய். ‘மரம் அறுக்கும் மிஷின் வேகம் கூட்டித் தரப்படும்’ என்று போர்டு வேறு. மூன்று மாதம் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. மரம் வெட்டுகிற நான் மட்டும் தினமும் வருவேன், டீ குடிக்க.

“இன்னும் ஒரு மாசம் பாப்பேன் மாப்ளே. ஆகலேன்னா கடையை மூடிட்டு மறுபடி ஏதாச்சும் கம்பெனி கேட்டுல போயி நிக்க வேண்டியதுதான்” என்றாய். நீ சிரிக்காமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த மாதம்தான் வேப்பனப்பள்ளித் தோட்டக்காரர் ஒருவர், காய்ப்பு நின்ற மாமரங்களை மழைக்கு முன்னால் அறுத்துத் தள்ள ஆள் தேடினார். கர்நாடகாப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் புது மிஷினோடு வந்து நின்றது. தோட்டக்காரர் ஒரே பருமனில் இரண்டு அடிமரங்களைப் போட்டு, முதலில் அறுத்து முடிப்பவர்களுக்கே மொத்தத் தோட்டமும் என்றார். ஜெயித்தால் உன் கடைக்குப் பேர் வந்துவிடும். அறுக்கப் போவது நான், மிஷின் உன்னுடையது.

ஒரு வாரம் அந்தக் கிழட்டு மிஷினைப் பிரித்துப் போட்டாய். சைலன்சர் ஓட்டையைப் பெரிசாக்கினாய். புகை போகிற வழியை அரத்தால் வழவழவென்று ராவினாய். சிலிண்டருக்கு அடியில் இருந்த கேஸ்கெட்டை உருவினாய். பிஸ்டன் மேலே முட்டாமல் இருக்க இடம் மிச்சம் இருக்கிறதா என்று தெரிய, பிளக் ஓட்டையில் ஈயக் கம்பியை விட்டு நசுக்கி எடுத்து, அது எவ்வளவு தட்டையாச்சு என்று நகை ஆசாரி மாதிரி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாய். கடைசியாக, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற கார்பரேட்டர் திருகைக் கொஞ்சம் தளர்த்தினாய்.

“வாய் பெருசாயிருச்சுல்ல, இனி சோறும் கூடப் போடணும். எண்ணெய் பெட்ரோல்லதான கலந்திருக்கு, பெட்ரோல் கம்மியானா அதுவும் கம்மி. சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கும்” என்றாய். “சும்மா முறுக்கினா முனகணும். மரத்துல வச்சாத்தான் பாடணும்.”

“உன்ன மாதிரின்னு சொல்லு. வீட்ல முனகல், கடையில பாட்டு.”

“உன்ன மாதிரி ரெண்டு எடத்துலயும் கத்தக் கூடாதுல்ல” என்றாய்.

போட்டிக்கு முந்தின வாரம் ஆயுத பூஜை. பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் குங்குமக் கிண்ணத்தோடு உன் கடைக்குள்ளும் வந்தார்கள். “வைங்கப்பா, பிளக்கு மேல மட்டும் வேணாம்” என்றாய். வைஸ், கிரைண்டர், டீ பிளாஸ்க் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

போட்டியன்று நீ கை கழுவத் தொட்டிப் பக்கம் போனாய். நான் மிஷினைச் சூடாக்க முறுக்கினேன். சளி பிடித்த மாதிரி முனகியது. எதிர்க் கூட்டத்துக்காரன் ஒருவன் கன்னடம் கலந்து, “ஏனண்ணா, மிஷினுக்கு ஜலதோஷமா?” என்று கேட்க, அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. மிஷினை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தேன். திருகின் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு. அடடா, லேத்காரன் இங்கேயும் வைத்திருக்கிறானே என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்தியோடு கால் சுற்று முடுக்கினேன். மறுபடி முறுக்கினால், வீல் என்று என்ன ஒரு சத்தம்! நிறுத்தி மூடியைப் போடவும் நீ வரவும் சரியாக இருந்தது.

விசில் அடித்தார்கள். மரம் வெண்ணெய் மாதிரி போயிற்று. அவர்கள் பாதி தாண்டுவதற்குள் நான் முக்கால் போய்விட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தால் நீ இரண்டு கையையும் வீசிக் குதித்துக்கொண்டு ஓடி வருகிறாய். நீ திறந்துவிட்ட சைலன்சர் சத்தத்தில் உன் வாய்தான் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. பாய்க்கு என்ன சந்தோஷம் பார் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

கிரீச். அவ்வளவுதான். பிஸ்டன் பிடித்துக்கொண்டது. எதிர்க் கூட்டம் நிதானமாக அறுத்து முடித்தது.

நீ மூடியைத் திறந்தாய். மேலே பார்த்திருந்த பொட்டு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்தாய். “யாராச்சும் தொட்டீங்களா?”

நான் காதைத் தட்டிக் காட்டினேன். “கொய்ங்குது பாய். ஒண்ணும் கேக்கல.”

நீ தோட்டக்காரர் பக்கம் திரும்பி, “பழைய பிஸ்டனுங்க. மாத்தாம விட்டது என் தப்புதான்” என்றாய்.

மொபெட்டில் செத்த மிஷினை மடியில் வைத்துக்கொண்டு உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியில், “மாப்ளே, அந்தச் செவப்புப் புள்ளி என் சம்சாரத்தோட நெயில் பாலிஷ். திருகு நவுராம இருக்கான்னு பாக்க நான் வச்ச அடையாளம்” என்றாய்.

“ஆங்? என்ன பாய்?” என்றேன். நீ மறுபடி சொல்லவில்லை.

மாதம் முடிவதற்குள் உன் கடை வாசலில் வந்து நின்றது யார்? ஜலதோஷம் கேட்ட அதே ஆள், புது மிஷினோடு. “அண்ணா, உங்க மிஷின் மாதிரியே ஓடணும். ஆனா சாகக் கூடாது.” அவன் வாய் வழியாகவே எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உன் கடைக்குப் பேர் போனது. நான் ரொம்ப நாளைக்கப்புறம் மூச்சை விட்டேன்.

செத்த மிஷினுக்கும் புது பிஸ்டன் போட்டு எழுப்பினாய். அப்புறம் நீ திருகில் சிவப்பு வைக்கவே இல்லை. எல்லாம் பச்சை. “பச்சை நெயில் பாலிஷ் கேட்டா கடைக்காரன் என்னையே ஒரு மாதிரி பாக்குறான்” என்று தங்கச்சி, உன் சம்சாரம், திட்டும். ஏன் பச்சை என்று யாராவது கேட்டால், “செவப்பப் பாத்தா சில பேருக்குப் பக்தி வந்துருது” என்பாய். நான் டீ கிளாசுக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பேன்.

நீ கண்ணை மூடின பிறகு தங்கச்சி இந்த மிஷினை என்னிடம் தள்ளி, “எடுத்துட்டுப் போங்கண்ணே, இது கூட இருந்தா அவரு முனகுற மாதிரியே இருக்கு” என்றது. இப்போது என் வீட்டு வாசலில் முனகுகிறது. ரிப்பேர் பார்க்கக் கூடாதா என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். முனகட்டும், மரத்தில் வைத்தால் பாடும் என்கிறேன். திருகைத் தொடுவதில்லை.

அன்றைக்குத் தொட்டது நான்தான். மொபெட்டில் நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. என் காதுக்கு ஒன்றுமே ஆகவில்லை, பாய்.