மழை லீவு பள்ளிக்கு மட்டும்

ஜூலை 9, செவ்வாய். தேவாலா.

மகளின் ஈர யூனிஃபார்மைத் தேய்த்துத் தேய்த்தே காயவைத்து, ரம்யாவோடு பஸ் ஸ்டாப்பில் நின்ற பிறகுதான் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் மழை விடுமுறை என்று செய்தி வந்தது. தேயிலை ஃபேக்டரிக்கு ஏது விடுமுறை? அவளையும் கூட்டிப் போய் என் மேசைக்கு அடியில் உட்காரவைத்துவிட்டு வேலை பார்த்தேன்.

"ஏனுங்க, இதென்ன பால்வாடியாங்க?" என்றார் மேனேஜர், எல்லார் முன்னாலும்.

சாயங்காலம் வீட்டில் இவர், "நீ லீவு போட்டிருக்கலாமில்ல?" என்கிறார். இவருக்கும்தான் ஆபீஸில் லீவு இருக்கிறது. அது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது.

படுக்கும்போது ரம்யா சொன்னாள்: "அம்மா, நாளைக்கும் மழைன்னா நான் ஊட்லயே தனியா இருந்துக்கறேன். நீ திட்டு வாங்க வேண்டாம்."

ஏழு வயது. நான் திட்டு வாங்கக் கூடாதென்று அவளுக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது.

வெளியே மழை விடவில்லை.