நூற்றெட்டுத் தரம் வந்த செய்தி

நேற்றுக் காலை வைத்தியரிடம் நேரம் எடுக்க இணையத்துக்குப் போனேன். நான் இயந்திரமில்லை, மனிதப் பிறவிதான் என்று காட்டச் சொல்லி அந்தத் தளம் ஒன்பது படங்களை நீட்டியது. வீதி விளக்கு தெரிகிற படங்களைத் தொட வேண்டுமாம். இரண்டு தரம் பிழைவிட்டேன். நீர் இருந்திருந்தால், "ஐடென்டிக் காட்டைக் காட்டியே எங்களுக்கு நிரூபிக்கேலாமப் போச்சு, இவங்கள் படத்தைத் தொடச் சொல்லுறாங்கள்" என்று சிரித்திருப்பீர். கனடாவில் நீர் கண்ணை மூடி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. சொல்ல ஆளில்லாமல் எழுதுகிறேன்.

போரால் வடக்குப் பாதை பூட்டியிருந்த காலம். வன்னிக்குத் தொலைபேசி இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் தொலைபேசியும் இணையமும் வைத்திருந்த உம்முடைய கொமியூனிகேஷன் கடை இருந்தது. காணாமற்போன உறவுகளைத் தேடுகிறவர்கள் எழுதிப்போட நாங்கள் இருவரும் இணையத்தில் ஒரு அறிவித்தல் பலகை தொடங்கினோம். வவுனியாவிலோ மன்னாரிலோ யாராவது பார்த்துப் பதில் போடுவார்கள். கொஞ்ச நாளிலேயே குப்பை வந்து மூடியது. சூதாட்டம், ஆண்மை மாத்திரை, போலிக் கைக்கடிகாரம். 'என்ர மகனைக் கண்டனீங்களோ' என்ற ஒற்றை வரியைத் தேடி, அந்த விளம்பரங்களுக்குள் தாய்மார் பக்கம் பக்கமாக இறங்கிப்போனார்கள்.

குப்பையைப் பிரித்தெறியும் வடிகட்டி நிரல் ஒன்று எழுத ஆள் வேண்டியிருந்தது. எழுதுகிறவனுக்கும் வயிறு உண்டு என்று நீர் காசு கேட்டுப் போனீர். அந்த நேரத்தில் அதைவிட ஆபத்தான வேலை இல்லை. பக்கத்துப் புடவைக்கடை முதலாளி முதலில் தலையாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "தம்பி, வன்னி ஆக்களின்ர வெப்சைட்டுக்குச் சல்லி குடுத்தவன் எண்டு நாளைக்கு என்னை நாலாம் மாடிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டா நான் என்ன சொல்லுறது?" அவரை நான் குறை சொல்லமாட்டேன். வெளிநாட்டிலிருந்து நிரல் எழுத உதவிய இரண்டு பேரும் களைத்து விலகினார்கள். மிஞ்சியவர் நுவன். இரத்மலானையில் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிற சிங்களவர். வேலை முடிந்து வந்து சும்மா செய்து தந்தார்.

அவரும் போய்விடுவார் என்று நான் பயந்தேன். நீர் ஒரு வழக்கம் கொண்டுவந்தீர். ஆளைக் கண்டுபிடித்தவர்கள் கடையை விட்டு இறங்கமுதல் நுவனுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுக்கவேண்டும். "நன்றி சொல்லவேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கோ" என்பீர். காசு கொடுக்க முடியாத இடத்தில் அதைத்தான் நீர் சம்பளமாகக் கொடுத்தீர்.

வடிகட்டி எறிகிறதெல்லாம் போய் விழும் குப்பைக்கூடையைக் காலையில் பார்த்துவிட்டு அழிப்பது என் வேலை. நான் பொறுமைக்குப் பேர்போனவள் இல்லை. ஒருநாள் உமக்குச் சொல்லாமல் நுவனைக் கூப்பிட்டேன். ஒரே செய்தி மூன்று தரத்துக்கு மேல் வந்தால் எறியவேண்டும், அதிலுள்ள தொலைபேசி இலக்கம் பிறகு எதில் வந்தாலும் எறியவேண்டும் என்றேன். அவர் தயங்கினார். உம்மை அவர் அண்ணன் என்ற முறையில் 'அய்யே' என்பார்.

"அக்கா, அய்யேட்ட ஒருக்கா கேப்பமா?"

"நான் சொல்லுறன். போடும்."

பலகை கண்ணாடிபோல் துப்புரவானது. நீர் நுவனைப் புகழ்ந்தீர். நானும் கூடச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த ஒரு அம்மா வந்த நாள் நான் கடையில் இல்லை. மகளைத் தேடுகிறவர். சாமி பெயரை நூற்றெட்டுத் தரம் எழுதி நேர்ந்துகொள்வதுபோல, மகளைக் கேட்டு எழுதிய செய்தியையும் லொட்ஜ் இலக்கத்தோடு நூற்றெட்டுத் தரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வடிகட்டிக்கு நேர்த்திக்கடன் தெரியுமா? அவரையும் மாத்திரை வியாபாரியையும் அது ஒன்றாகத்தான் கண்டது; முதல் மூன்றைப் பலகையில் விட்டு, மிச்சத்தை எறிந்து, அவருடைய இலக்கத்தையும் குறித்துக்கொண்டது.

அடுத்த வியாழக்கிழமை காலை, இரண்டு நாளாகச் சேரவிட்ட குப்பையை நான் பாராமலே அழிக்கப் போனபோது, பின்னால் நின்ற நீர் "கையை எடும்" என்று கத்தினீர். வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மகளுக்காக யாரோ எழுதிவிட்ட செய்தி, அந்த லொட்ஜ் இலக்கத்தோடு குப்பைக்குள் கிடந்தது. இரண்டு நாள் பழையது. 'அம்மாவுக்குச் சொல்லுங்கோ. ஒரு கால் இல்லை, உயிர் இருக்கு. வெள்ளிக்கிழமை எங்களை வேற இடத்துக்கு ஏத்துறாங்களாம். எங்கே எண்டு தெரியாது.'

லொட்ஜ் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நீர் செய்தியை அச்செடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தீர். கொட்டாஞ்சேனையில் முதல்நாள்தான் ரவுண்டப் நடந்தது; சுற்றிவளைத்து, வேறு இடத்தில் பதிந்திருந்த தமிழரையெல்லாம் ஏற்றிப்போனார்கள்.

"உம்மட பொலிஸ் பதிவு வெள்ளவத்தையிலயெல்லே? பிடிப்பாங்கள்," என்றேன்.

"பிடிச்சா, நீர் கடையைப் பூட்டிப்போடாதையும்."

நீர் கொண்டுபோன செய்தியோடு அந்த அம்மா பின்னேர ரயிலைப் பிடித்துவிட்டார். நீர் திரும்பி வரும்போது பொலிஸ்காரர் உம்மைப் பிடித்துவிட்டார்கள்.

பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வான் நிற்கும் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன். சனிக்கிழமை அந்த அம்மா வவுனியாவிலிருந்து அழைத்தார். மகளை ஏற்றுவதற்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டாராம். உம்முடைய வழக்கப்படி அவரிடம் நுவனின் இலக்கத்தைக் கொடுத்தேன். வடிகட்டி செய்த வேலையைக் கேட்டு, இனி இதைத் தொடமாட்டேன் என்று நுவன் சொல்லியிருந்த நேரம் அது. தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் அந்த அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்: "புதா, மகே துவ ஹம்புணா." மகனே, என் மகள் கிடைத்துவிட்டாள். அன்றே நுவன் அந்த விதியை எடுத்துவிட்டு, மீண்டும் எழுத உட்கார்ந்தார்.

வீங்கிய முகத்தோடு நீர் கடைக்குள் வந்து கேட்ட முதற் கேள்வி, "குப்பை பாத்தனீரோ?" என்பதுதான். ஓம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நீர் விமானம் ஏறினீர். பிறகு இத்தனை வருடம். அந்த விதி நுவனின் யோசனை என்று நினைத்தபடியே நீர் போய்விட்டீர் என்று இத்தனை நாளாக எனக்கு நித்திரை இல்லாமல் இருந்தது.

நேற்றுப் பின்னேரம் நுவனைக் கூப்பிட்டு அழுதேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "அக்கா, அய்யேக்கு அது தெரியும்தானே. பொலிஸ் விட்ட அண்டைக்கே என்னைக் கேட்டது. நான் பொய் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொல்லவேண்டாம் எண்டு சொன்னது. வெக்கத்தில அக்கா போயிடுமாம், பலகைக்கு அக்கா வேணுமாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். நான் கேட்காத மன்னிப்பைத் தந்துவிட்டு, கேட்கிற இடத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டீர். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். அந்த விதியைப் போடச் சொன்னது நான். உம்மைக் கொட்டாஞ்சேனை வீதிக்கு அனுப்பியதும் நான்தான்.