சென்றியைச் சுற்றிய கோடு

திருகோணமலை
9.5.1991

அன்புள்ளவளுக்கு,

நீர் சென்னைக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக உமது அண்ணர் எழுதியிருந்தார். என்னுடைய மூன்று கடிதங்களுக்கும் நீர் பதில் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

எங்கள் தெருவுக்கு நடுக்கோடு பூச வேண்டுமென்று வீதி இலாகாக் கந்தோரில் சொன்னார்கள். எனக்குப் பதிலாக வேறு ஓவசியரை அனுப்பக் கேட்டேன். ஆள் இல்லையாம்.

எங்கள் வாசல் படலையிலிருந்து சின்னம்மா வீடு வரை எங்கள் பிள்ளை சுகந்திக்காக நான் கீறிய வெள்ளைக்கோடு இன்னும் அழியவில்லை. வாகனச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் குந்திவிடுகிற பிள்ளை, அந்தக் கோட்டைப் பார்த்தபடி தனியே நடந்தாள். கடைக்கார ஸெய்னுதீன் அதன்மேல் ஒரு மூட்டைகூட வைத்ததில்லை. இப்போதும் வைப்பதில்லை.

தார்ப்பீப்பாக்களை அடுக்கி, அந்தக் கோட்டின்மேல் ராணுவம் காவலுக்குச் சென்றி போட்ட அன்று நீர் கேட்டீர்: "மறிச்சா நிக்கத் தெரியாத பிள்ளை, என்ன செய்வாள்?"

"சுத்திப் போவாள், பயப்படாதையும்" என்றேன். கோட்டை விட்டு விலகக்கூடாது என்று அவளைப் பழக்கியவன் நான்தான்.

ஸெய்னுதீன் நேற்றுத்தான் வாய் திறந்தார். "சென்றியில இருந்து ரெண்டு தரம் கத்தினாங்க, ஐயா. புள்ள காதப் பொத்திக்கொண்டு கோட்டிலயே நடந்திச்சு. மூணாந்தரம் வெடிதான் கேட்டிச்சு."



இன்று நடுக்கோடு முடிந்தபின் கொஞ்சம் பெயின்ற் மிஞ்சியது. சுகந்தியின் கோட்டைச் சென்றிக்கு முன்னால் வளைத்து, பீப்பாக்களைச் சுற்றிக் கொண்டுபோய், அந்தப் பக்கம் பழைய கோட்டோடு சேர்த்துவிட்டேன். சென்றியில் நின்றவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

பத்து நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
பிள்ளையின் அப்பா