கொம்பனைப் பிடித்திருந்த அரைமணி நேரம்

வீட்டு மகாராணிக்கு, ஏழு கடலையும் கலக்கும் உன் புருஷன் எழுதுவது. நலமா? முழங்கால் வலி குறைந்ததா?

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. செவ்வாய்க்கிழமை எங்கள் வலையில் ஒரு கொம்பன் சுறா சிக்கியது. சுத்தியல் தலை, கப்பல் நீளம்! அழிந்துவரும் இனம் என்பதால் உயிரோடு விட்டுவிடுவதாகப் படகுக்காரர்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்திருக்கிறோம். ஆனால் அது மயங்கிக் கிடந்தது. படகோரம் குனிந்து, செவுளில் தண்ணீர் ஓடி மூச்சு வரட்டும் என்று, ஓடும் தண்ணீருக்கு எதிரே அதன் வாயைக் காட்டிப் பிடித்துக்கொண்டேன். அவசரத்தில் கையுறையை மறந்துவிட்டேன்.

"விடுங்க மாமா, அது தேறாது," என்றார் படகு முதலாளி.

"கோபம் வந்தா என் பொண்டாட்டி மூணு நாள் அசைய மாட்டா. இதுக்கு அரைமணி நேரம் பொறுக்க மாட்டேனா?" என்றேன்.

அரைமணி கழித்து வாலை ஆட்டிக்கொண்டு போயே போய்விட்டது! அதன் உப்புத்தாள் தோல் என் உள்ளங்கைகளைத்தான் உரித்துவிட்டது.

திங்கட்கிழமைக்குள் வலை இழுக்க முடியாவிட்டால் வேறு ஆள் வைப்பாராம் முதலாளி. சும்மா சொல்கிறார். சும்மாதான் சொல்லியிருப்பார். ஆனாலும் மணிக்கொரு தரம் விரல்களை மடக்கிப் பார்க்கிறேன், இன்னும் முழுதாக மடங்கவில்லை.

மருந்துக்கடை மூடுவதற்குள் ஓட வேண்டும். உன் பழைய பருத்திச் சேலை ஒன்று அனுப்பு, கட்டுப் போடத்தான். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.