நேராக நின்ற முதுகு

19.2.1956, ஞாயிறு

இன்று என் பந்து மேனேஜருடைய பந்தைத் தாண்டி விழுந்துவிட்டது. ஆரம்பாக்கம் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகும் மனசு ஆறவில்லை.

மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் முதல் ரயிலில் பட்டணம் போகிறேன். அவருக்குக் கோல்ஃப் ஆடத் துணை வேண்டும். அவர் கீழே ஹெட் கிளார்க்காக இருக்கிற நான் மாட்டேன் என்றா சொல்ல முடியும்?

"முதுகை வளைக்காதேய்யா. இடுப்பில் குனி. ஆபீசில் என் முன்னால் நிற்கிற மாதிரி நிற்காதே" என்று வாராவாரம் திட்டுவார். இன்றைக்கும் அதையே சொல்லி, முதுகில் கைவைத்து அழுத்தினார். எரிச்சலில் அவர் சொன்னபடியே நின்று அடித்தேன். பந்து போய்க்கொண்டே இருந்தது. அவருடையதற்கு அப்பால் இருபது தப்படி.

அவர் மட்டையைப் பையில் செருகிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். மட்டைப் பை தூக்கும் தணிகாசலம்தான் பக்கத்தில் வந்து சொன்னான்: "இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? முன்ன இவரோட ஆடிக்கினு இருந்தவரும் இப்டித்தான் அடிச்சாரு. இப்ப பெஜவாடா பிராஞ்ச்ல கீறாரு."

இவளுக்கு இது எட்டாம் மாசம். இந்த நேரத்தில் மாற்றலாகி ஆந்திராவில் இருக்கிற பெஜவாடாவுக்கா?

அடுத்த ஞாயிறு பழையபடி முதுகை வளைத்து நின்றால் போதும், பந்து பத்தடி தாண்டாது. இப்போது குடையை மட்டை மாதிரி பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். நாலு தடவை பார்த்துவிட்டேன். முதுகு வளைய மாட்டேன் என்கிறது.